கம்ப்ளைண்ட் வராத வீடு

செப்டம்பர் 3, 2012 – திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டது. திரை கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று ஒரே சத்தம். மெல்போர்னில் இருக்கும் மகன் எட்வின் மூன்று மணிக்கு வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தான். ரிப்பேர் என்று செல்லில் மெசேஜ் போட்டேன். அவன் அப்பா காலமான கையோடு, 'அம்மா தனியாக இருப்பாங்க' என்று இதை வாங்கி வைத்து, ரிப்பேருக்கு டவுனில் ஒரு கடையில் வருடக் கான்ட்ராக்டும் போட்டுவிட்டு விமானம் ஏறினவன். வருடா வருடம் அங்கிருந்தே புதுப்பித்துவிடுவான். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவார்களாம்.

காலையில் ஃபோன் செய்தேன். பதினோரு மணிக்கு ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். புர்கா, முதுகில் பை. முப்பது வயதைத் தாண்டியிருப்பாள்.

"மெக்கானிக் வரலியா?"

"நாந்தாம்மா மெக்கானிக்," என்றாள். போகிற வீட்டில் எல்லாம் இதைச் சொல்லி அலுத்துப்போன குரல். பெயர் ஜொஹரா, மேலப்பாளையம்.

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தாள். உள்ளே கை வைப்பதற்கு முன் எழுந்துபோய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"நம்ம ஒடம்புல கொஞ்சம் கரண்ட் இருக்கும்மா. நமக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். இரும்பைத் தொட்டுட்டா எறங்கிரும்."

ரேம் என்று விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக ஒரு கொக்கி. இரண்டையும் வெளிப்பக்கம் தள்ளினால் தகடு தானாக எழும்பி வருகிறது. அதன் கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அழிரப்பரை எடுத்து அந்தப் பற்களைத் தேய்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் டிக், டிக் என்று சத்தம் கேட்கும்வரை அமுக்கினாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

நாம் பெட்டி முழுவதையும் சிபியு என்கிறோம். அது பெட்டிதான், உள்ளே ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிற சின்னச் சதுரம்தான் சிபியுவாம். இத்தனை நாள் தெரியாது. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான், வயர் எனக்குப் புதிதில்லை.

சிலிப்பில் கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். தயங்கித் தயங்கி, "அம்மா, பாத்ரூம் போயிக்கிடட்டா?" என்றாள். காலை ஒன்பது மணியிலிருந்து வீடு வீடாகச் சுற்றுகிறாள். யாரும் உட்காரச் சொல்வதில்லை. கேட்கவும் அவளுக்குக் கூச்சம். வந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தாள்.

செப்டம்பர் 5 – புதன்

சிஸ்டம் நன்றாக இருக்கிறது. பால்காரரைத் தவிர யாரும் வரவில்லை.

செப்டம்பர் 9 – ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மூன்று, மூன்றரை, நாலு. கரண்ட் போய்விட்டது. எட்வினுக்கு என்ன வேலையோ.

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வாங்கினேன். மிக்ஸியின் அடியில் ஸ்க்ரூ ஆடுகிறது.

செப்டம்பர் 13 – வியாழன்

காலையிலேயே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்தேன். ஒரு ஆளுக்கு உளுந்தஞ்சோறு வைத்தால் ருசிக்காது, அதனால் தாராளமாகவே வைத்தேன். பத்தரைக்கு கம்ப்யூட்டரைப் போட்டால் மறுபடியும் அதே பீப். கடைக்கு ஃபோன் செய்து, "போன தடவை வந்த பிள்ளையையே அனுப்புங்க, அதுக்குத்தான் இந்த சிஸ்டம் தெரியும்," என்றேன்.

பன்னிரண்டரைக்கு வந்தாள். கேட்காமலே பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தாள், கம்பியைத் தொட்டாள், ரேமை அமுக்கினாள். டிக், டிக்.

"சாப்ட்டுட்டுப் போ."

"வேண்டாம்மா, இன்னும் நாலு வீடு கெடக்கு."

"இது கறி மீன் ஒண்ணும் கெடயாது. உளுந்தஞ்சோறு."

உட்கார்ந்தாள். துவையல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஹார்டுவேர் டிப்ளமா முடித்து ஆறு வருடம் அந்தக் கடையிலேயே கவுண்டரில் மவுஸ் விற்றுக்கொண்டிருந்தாளாம். வெளி வேலைக்கு அனுப்பச் சொல்லி முதலாளி பால்துரையிடம் நச்சரித்து நச்சரித்து, இந்த வருடம்தான் ஸ்கூட்டியும் பையும் கிடைத்திருக்கின்றன. "பொம்பள ஒருத்தி வெளிய போறது எங்க கடையிலதாம்மா மொதல்ல," என்றாள். பெருமையைச் சோற்றோடு சேர்த்து முழுங்கப் பார்த்தாள், முடியவில்லை.

போகும்போது அவள் சொன்னது: கரண்ட் வந்தவுடன் போடக் கூடாது, ஐந்து நிமிடம் விட்டுத்தான் போட வேண்டும். பெட்டியின் மேல் பூச்சாடி வைக்கக் கூடாது. பின்பக்கம் சுவரோடு ஒட்டக் கூடாது, மூச்சு முட்டும்.

பூச்சாடியை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 16 – ஞாயிறு

எட்வின் செல்லில் கூப்பிட்டான். "சிஸ்டம் ரிப்பேர்னு மெசேஜ் போட்டிருந்தீங்களே, அதான் வீடியோ போடலம்மா," என்றான். ஆமாம், ஆமாம் என்றேன். ரெடியாகிவிட்டது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ரெடி என்று சொல்லிவிட்டு, அப்புறம் அடுத்த ஞாயிறும் அவன் வராவிட்டால்? ரிப்பேர் என்றால் யார் மேலும் குற்றமில்லை.

செப்டம்பர் 22 – சனி

இரண்டு மணி நேரம் கரண்ட் இருந்தால் இரண்டு மணி நேரம் இல்லை. யுபிஎஸ் கத்தித் தீர்க்கிறது. வீட்டில் கேட்கிற ஒரே குரல் அதுதான் என்பதால் நானும் உடனே அணைக்கவில்லை.

பேப்பரில் கம்ப்யூட்டர் பக்கம் வந்திருந்தது. அடுத்த மாதம் வரப்போகிற புது விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனே கிடையாதாம். இனி எல்லாம் கையகலத் திரைக்குள் போய்விடும், மேஜைக் கம்ப்யூட்டரை யாரும் தேட மாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேடாமல் போகட்டும். கத்தரித்து வைத்திருக்கிறேன், ஜொஹராவிடம் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 26 – புதன்

கூட்டாஞ்சோறு. முருங்கைக்கீரை கிடைத்தது. பதினோரு மணிக்கு டிஸ்ப்ளே வரவில்லை.

ஜொஹரா பெட்டியைத் திறந்து, உள்ளே கை வைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா," என்று சொல்லிவிட்டு அமுக்கினாள். டிக், டிக்.

பேப்பர் துண்டைக் காட்டினேன். சிரித்தாள். "ஸ்டார்ட் இல்லன்னா ஷட் டவுன் எங்கேருந்து பண்ணுவாவ? எல்லா வீட்டுலேருந்தும் எனக்குத்தான் ஃபோன் வரும்."

சாப்பிட்டாள். வாப்பாவுக்கு மூட்டு வலி, அண்ணன் பெண்டாட்டி தினமும் இவள் ஸ்கூட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது, புருஷன் துபாயிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியை இவளே பிரித்துப் பார்த்துத் திட்டு வாங்கியது எல்லாம் சொன்னாள். நான் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்ட கதையைச் சொன்னேன். ராத்திரியெல்லாம் பம்பாய்க்கும் கொழும்புக்கும் லைன் கொடுத்தவள் நான். "எத்தனை பேரைப் பேச வச்சிருக்கீய," என்றாள். இரண்டரை வரை இருந்தாள். அவள் செல்லில் கடையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 1 – திங்கள்

தலைவலி. சமைக்கவில்லை.

அக்டோபர் 5 – வெள்ளி

இன்றும் கம்ப்யூட்டர் ஓடவில்லை. ரவா கேசரி செய்து மூடி வைத்திருந்தேன். வந்தது ஜொஹரா இல்லை. மெலிந்து, மீசை வைத்த ஒருவன். பாண்டி என்றான்.

"ஜொஹரா எங்க?"

"அது கவுண்டர்ல நிக்குது. ஒரே வீட்டுலேருந்து ஒரே கம்ப்ளைண்ட் திரும்பித் திரும்பி வந்தா அது ரிப்பீட் கால். மூணு ரிப்பீட் ஆச்சுன்னா வெளிய அனுப்ப மாட்டாரு மொதலாளி. ரெண்டு ஏறியிருந்துச்சு. இன்னைக்கு உங்க ஃபோனு மூணாவது." பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னான். "ஒரு ரேமைக் கூட ஒழுங்கா மாட்டத் தெரியல, பொம்பளைக்கு எதுக்கு ஃபீல்டுன்னு இப்பதான் சத்தம். பைய புடுங்கி என்கிட்ட குடுத்துட்டாரு."

அவன் முதுகில் இருந்த பையை அப்போதுதான் பார்த்தேன். ஜிப்பில் கட்டியிருந்த பச்சை நாடா அவளுடையது.

கேசரியை அவனுக்குக் கொடுக்கவில்லை.

இந்த டைரியை நான் ஒருத்திதான் படிக்கிறேன். அப்படியும் இத்தனை நாள் இதில் எழுதாமல் ஏய்த்திருக்கிறேன். மிக்ஸியில் எந்த ஸ்க்ரூவும் ஆடவில்லை. கம்ப்யூட்டரில் ரேமைக் கழற்றினது நான். முதல் தடவை தவிர ஒவ்வொரு தடவையும் நான்தான், ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, அவள் சொல்லித் தந்த மாதிரியே.

அக்டோபர் 6 – சனி

பஸ் ஏறினேன். பாதி வழியில், வண்ணார்பேட்டையிலேயே இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். கடையில் ஆட்கள் இருப்பார்கள். இந்த வயதில் என்னவென்று சொல்வது?

அக்டோபர் 8 – திங்கள்

போனேன்.

ஜொஹரா கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று யாருக்கோ பென் டிரைவ் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள். நேராகப் பால்துரையிடம் போனேன். கனத்த ஆள், நெற்றியில் சந்தனம். கம்ப்ளைண்டா என்று கேட்டார்.

"கம்ப்ளைண்ட் இல்ல. என் வீட்டுல ரேம் கழண்டது ஜொஹரா தப்பு இல்ல. நான்தான் கழட்டுனேன்."

அவர் சிரித்தார். "நல்ல பிள்ளைன்னு அதைக் காப்பாத்தப் பாக்குதீய. உங்க மனசு தெரியுதும்மா. உங்களுக்கு எப்படிக் கழட்டத் தெரியும்?"

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். மேஜை மேல் ஒரு பெட்டி திறந்தே கிடந்தது, மின் வயர் மாட்டாமல். நான் போய் ஷட்டரின் இரும்பைத் தொட்டேன். பிறகு கொக்கி இரண்டையும் தள்ளி ரேமை வெளியே எடுத்து, பற்களில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். திரும்ப வைத்தேன். டிக், டிக். சரியாகத்தான் உட்கார்ந்தது.

பால்துரைதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், புரியாமல்தான் கேட்டார்.

"அப்ப எதுக்கும்மா கழட்டுனீய?"

பஸ்ஸில் வரும்போது பல பதில் தயார் செய்திருந்தேன். தூசி தட்டப் போனேன், தவறிக் கை பட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"வீட்டுக்கு ஆள் வரணும்னு கழட்டுனேன். அந்தப் பிள்ளை வந்தா ரெண்டு வார்த்தை பேசும். எனக்குப் பேச ஆள் இல்ல."

சொல்லிவிட்டேன். அறுபத்திரண்டு வயதில், முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால். பென் டிரைவ் வாங்க வந்தவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால்துரை கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தார். பிறகு பாண்டியிடம் பையைக் கேட்டு வாங்கிக் கவுண்டர் மேல் வைத்தார். "எடுத்துக்கிடு," என்றார் ஜொஹராவிடம். என்னிடம், "ஆனா ஒண்ணும்மா. உங்க வீட்டுக்கு இனி இதை அனுப்ப மாட்டேன். கம்ப்ளைண்ட்னா பாண்டிதான் வருவான்," என்றார். நியாயம்தான். சரி என்றேன்.

ஜொஹரா பையை எடுத்து நாடாவைச் சரி செய்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் படி இறங்கி ரோட்டைக் கடந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வேறு யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 14 – ஞாயிறு

சிஸ்டம் அருமையாக இருக்கிறது. எட்வினுக்கு மெசேஜ் போட்டேன்: ரெடி, மூன்று மணிக்கு வா. கேமரா சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கப் போட்டதில் என் முகம் வந்தது. ஐந்து மணி வரை நானும் அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழு மணிக்கு மெசேஜ் வந்தது. 'சாரிம்மா, பிள்ளைக்கு பர்த்டே பார்ட்டி, மறந்துட்டேன்.' யார் பிள்ளைக்கு என்று போடவில்லை. இனி ரிப்பேர் என்று சொல்லி அவனைக் காப்பாற்றவும் வழியில்லை.

அவன் மேல் எனக்குக் கோபம். எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

அக்டோபர் 20 – சனி

மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு விழுந்த இடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னாலிருந்து பட் என்று ஒரு சத்தம், வயர் கருகிய நாற்றம். பிளக்கைப் பிடுங்கினேன். இடி மின்னல் நேரத்தில் ஜொஹரா பிளக்கையும் டெலிஃபோன் வயரையும் கழற்றிப் போடச் சொல்லியிருந்தாள். மழை வருமென்று தெரிந்தும் சோம்பல்பட்டேன்.

பீப் இல்லை. ஃபேன் இல்லை. ஒன்றும் இல்லை. பவர் சப்ளை போயிருக்கும் என்று நினைக்கிறேன். நாற்றம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது.

ஃபோனைக் கையில் எடுத்தேன். கடை நம்பரைப் போட்டு, அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். 'அந்தம்மா மறுபடி ஆரம்பிச்சிட்டுடே' என்றுதானே பாண்டி சொல்வான்? உண்மையான ரிப்பேரை நம்ப வைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பழைய பெட்ஷீட்டை எடுத்துப் பெட்டி, திரை எல்லாவற்றையும் சேர்த்து மூடினேன்.

அக்டோபர் 21 – ஞாயிறு

மழையில் கோயிலுக்கும் போகவில்லை. யாரோடும் பேசவில்லை.

அக்டோபர் 25 – வியாழன்

காய்காரியிடம் தேவையில்லாமல் பேரம் பேசினேன். கொஞ்ச நேரம் நின்றாள்.

அக்டோபர் 28 – ஞாயிறு

சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். வாசலில் ஸ்கூட்டி சத்தம். பக்கத்து வீட்டுக்கு இருக்கும் என்று எழுந்திருக்கவில்லை. அழைப்பு மணி அடித்தது.

ஜொஹரா நின்றாள். முதுகில் பை இல்லை. கையில் ஒரு தூக்குச்சட்டி.

"நேத்து எங்களுக்குப் பெருநாளு. பிரியாணி கொண்டாந்தேன். சூடு ஆறிட்டு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, நேராகப் பாத்ரூமுக்குப் போனாள். அவளே விளக்கைப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், "உங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள்.

"ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் இருக்கேன்."

"அன்னைக்கு இடி விழுந்ததுல பாளையங்கோட்டை பூராவும் கம்ப்ளைண்ட். ஒரு வாரமா எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல. இந்தத் தெருவுல மட்டும் நாலு வீடு. உங்க வீட்டுலேருந்து ஒண்ணும் வரல. தெனமும் கேட்டுப் பாத்தேன், வரல. எனக்குச் சரியா படல. ஆளு என்ன ஆனாவளோன்னு இருந்துச்சு."

தட்டு எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பிரியாணியை இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாதியில் கேட்டேன்.

"நான்தான் கழட்டுதேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது தடவையே தெரியும். ரேம் லூசாகும்மா, கொக்கி தானா தொறந்துக்கிடாது. ரெண்டு கொக்கியும் தொறந்து கெடந்துச்சு."

"சொல்லிருக்கலாம்லா. உன் பையையே புடுங்கிட்டாரே."

"சொன்னா நீங்க கூப்பிட மாட்டீயளே." எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "நானும் அன்னைக்கு ஒக்காந்து சாப்ட்டேம்லா. எந்த வீட்டுல என்ன ஒக்காரச் சொல்லுதாவ? அப்பறம் கடையில வச்சு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீய. எனக்கு ஒங்க மொகத்தப் பாக்கவே முடியல. அழுதுருவேன்னுதான் பாக்கல."

பிறகு அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். புது விண்டோஸ் வந்துவிட்டதாம். ஸ்டார்ட் பட்டனைக் காணோம் என்று ஒரு வக்கீல் நேற்று மட்டும் எட்டு தடவை கூப்பிட்டாராம். நான் சிரித்ததில் புரை ஏறியது.

கிளம்பும்போதுதான் பெட்ஷீட்டைப் பார்த்தாள். தரையில் கிடந்த பிளக்கையும் பார்த்தாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். சிஸ்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தயாராக நின்றேன். கம்ப்யூட்டருக்காக அவளை இன்றைக்கு ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அவள் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில கம்ப்ளைண்ட் போடுங்க," என்றாள். "எஸ்எம்பிஎஸ், அதான் பவர் சப்ளை போயிருக்கு. பாண்டி வந்து மாத்துவான், நான் சொல்லி வைக்கேன். நான் அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன்."

ஸ்கூட்டி தெருமுனை திரும்பும் வரை நின்றேன். உள்ளே வந்து பார்த்தபோது நாலரை ஆகியிருந்தது. மூன்று மணி எப்போது போனது என்று தெரியவில்லை.

தூக்குச்சட்டி மேஜை மேலேயே இருக்கிறது. ஒரு ஸ்க்ரூவைக்கூட எண்ணிப் பைக்குள் போடுகிறவள் அவள், மறந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. நாளைக்குக் கறுப்பு உளுந்து வாங்க வேண்டும்.